உங்களுக்குத் தெரியுமா? கொசஸ்தலை கடலைத் தொடும் இடம்

■ சென்னைக்கு எத்தனை ஆறு என்று கேட்டால், கூவம், அடையாறு என்று இரண்டோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். மூன்றாவது ஒன்று இருக்கிறது. மூன்றிலும் பெரியது அதுதான். பெயர் கொசஸ்தலை. கொற்றலை என்றும் சொல்வார்கள். பூண்டி ஏரி வழியாக வந்து, மணலிப் புதுநகரை ஒட்டி வளைந்து, எண்ணூரில் கடலில் சேர்கிறது. நகரத்துக்கு நடுவில் ஓடி நாறியிருந்தால் ஊரெல்லாம் அதன் பெயர் தெரிந்திருக்கும். ஓரமாக ஓடிய பாவத்துக்குப் பெயரே மறந்துபோயிற்று.

■ மறந்துபோன இந்த ஆற்றுப் படுகையின் வயதைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அதே இடத்தைப் பின்னாளில் சாந்தி பப்புவின் குழு பல ஆண்டுகள் தோண்டி ஆராய்ந்தது. அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தது. கீழடிக்குப் பேருந்து பிடிக்கிறவர்கள் ஒரு நாள் பூண்டிக்கும் போகலாம். அங்கே தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. கூட்டமே இருக்காது.

■ உப்புநீரும் நன்னீரும் கலந்து நிற்கும் நீர்நிலைக்குத் தமிழில் ஒரு பெயரா இருக்கிறது? கழி, உப்பங்கழி, கழிமுகம், கழுவெளி, காயல். ஈழத்தில் களப்பு. மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயரிலேயே களப்பு உட்கார்ந்திருக்கிறது. மரக்காணம் பக்கத்து நீர்நிலைக்குப் பெயரே கழுவெளிதான். எண்ணூர்க்காரர்கள் இவ்வளவு தூரம் போவதில்லை. ஆறு கடலைச் சந்திக்கும் வாய்க்கு அவர்கள் சொல் ஒன்றுதான்: முகத்துவாரம். அங்கே முகத்துவாரக்குப்பம் என்று ஓர் ஊரே இருக்கிறது.

■ முகத்துவாரம் வருடம் முழுக்கத் திறந்திருக்கும் கதவு அல்ல. மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தால் மணலைத் தள்ளிக்கொண்டு வாய் அகலும். கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லை, அலை மட்டும் மணலைக் கொண்டுவந்து குவித்துக்கொண்டே இருக்கும். மெல்ல மெல்ல வாய் சுருங்கி, ஒரு நாள் “முகத்துவாரம் மூடிடுச்சி” என்று செய்தி வரும். சென்னைவாசிக்கு அது செய்தியே இல்லை. குப்பத்தில் அது பஞ்சத்தின் முதல் வரி.

ஏனென்றால் இறாலின் வாழ்க்கை இரண்டு வீட்டு வாழ்க்கை. தாய் இறால் கடலில் முட்டையிடும். பொடிக்குஞ்சு ஓதத்தோடு கழிக்குள் வரும். சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கு நடுவிலும் தின்று வளரும். சில மாதம் கழித்துக் கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாவும் ஏறக்குறைய இப்படித்தான் போய்வருகின்றன. ஆக, எண்ணூரில் வாய் மூடினால் கழியில் வலை போடுகிறவனுக்கு மட்டுமா நட்டம்? கடலுக்குள் போகிறவனுக்கும் கொஞ்ச நாளில் அதே கணக்குத்தான். காசிமேட்டில் இறால் விலை ஏறியிருந்தால் மீன்காரம்மாவோடு சண்டை போடாதீர்கள்.

■ வலையே இல்லாமல் இறால் பிடிக்கிறவர்கள் உண்டு. எண்ணூர், பழவேற்காடு கழிகளில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலைப் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது பிடித்ததை எங்கே போடுவது? பனையோலையில் முடைந்த சிறு கூடை ஒன்று உண்டு, பறி என்று பெயர். அதைப் பல்லால் கடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். இந்த வேலைக்குக் கருவி, உள்ளங்கையின் உணர்வுதான். அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழம்பு கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து கழியில் கொட்டிய இடங்களில், தரையில் இருப்பது சேறா சிமெண்டா என்றே தெரியாமல் போய்விடுகிறது. அங்கே தடவிப் பார்க்க ஒன்றும் இல்லை.

■ காக்கா ஆழி. கேட்டவுடன் சிரிப்பு வரும் பெயர். கழிச் சேற்றில் முன்பு கிடைத்தது மஞ்சள் ஆழி என்ற சிப்பி. இப்போது கறுப்பாக, கொத்துக் கொத்தாக, தரையைப் பாய் விரித்ததுபோல மூடிக்கொண்டு ஒரு புதுச் சிப்பி வந்திருக்கிறது. பிறந்த ஊர் தென் அமெரிக்கா. சரக்கில்லாத கப்பல் தள்ளாடாமல் இருக்க வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும். வந்த துறைமுகத்தில் அதைக் கொட்டும். அந்த நீரோடு வந்திறங்கியதாகத்தான் கருதுகிறார்கள். பாய் விரித்த இடத்தில் மஞ்சள் ஆழிக்கும் இடமில்லை, இறால் புதைந்திருக்கவும் சேறில்லை. நிறத்தைப் பார்த்து மீனவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததற்கு இவ்வளவு அழகான தமிழ்ப்பெயர் கொஞ்சம் அதிகம்தான்.

■ ராயபுரத்தின் ராயர் யார்? எந்த ராஜாவும் இல்லை. ஏசுவின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். அவர் பெயரில் அங்கே கோயில் எழுப்பியவர்கள் படகுக்காரர்கள். துறைமுகம் வராத காலத்தில் கப்பல்கள் நடுக்கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவற்றில் ஓர் ஆணிகூட இருக்காது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை அறைந்தால் பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். பேதுருவும் மீனவர்தானே, பொருத்தமான புரவலர்.

■ சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881இல் புயல் வந்து கட்டிய அலைத்தடுப்புச் சுவரை உடைத்தது. திரும்பக் கட்டினார்கள். இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும். வராத பாடம் ஒன்று இருக்கிறது.

நம் கரையோரமாகக் கடலுக்குள்ளே ஒரு மணல் ஆறு ஓடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாக அறைந்து மணலை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திருப்பும். ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கேதான் அதிகம் போகிறது. அந்த மணல் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? சுவரின் தென்பக்கம் மணல் தேங்கும். அப்படித் தேங்கித் தேங்கி அகலமானதுதான் நாம் சுண்டல் தின்னும் மெரினா. வடபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அலை வருவதை நிறுத்தவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை கரைந்துகொண்டே போயிற்று. தெருத் தெருவாகக் குப்பங்கள் கடலுக்குள் போயின. இப்போது அந்தக் கரையைக் காப்பது கருங்கல் குவியல். கல் போட்ட கரையில் கட்டுமரத்தை இழுத்து ஏற்ற முடியாது என்பது கல் போட்டவர்களுக்கும் தெரியும்.

தென்சென்னையின் கடற்கரை அழகுக்கான பாதி விலையை வடசென்னை கட்டியிருக்கிறது. இது என் கட்சி. ஆனால் கட்சிக்குப் பின்னால் இருப்பது பொறியியல்.

■ திருவொற்றியூர்த் தலபுராணம் சொல்லும் கதை: பிரளய வெள்ளத்தைச் சிவன் ஒற்றி எடுத்து விலக்கிய இடம் என்பதால் ஒற்றியூர். கடல் உள்ளே வராத ஊர் என்று பெயரிலேயே உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள். ‘ஒற்றி’க்கு அடமானம் என்றும் ஒரு பொருள் உண்டு. துறைமுகச் சுவருக்குப் பிறகு, இரண்டாவது பொருள்தான் கடற்கரையோரத்துக்குச் சரியாக இருக்கிறது.

■ பேய்க்கரும்பின் நுனி எந்த ஊரில் தித்திக்கிறதோ அங்கே முக்தி என்று பட்டினத்தாருக்குச் சொல்லப்பட்டதாம். தித்தித்த இடம் திருவொற்றியூர்க் கடற்கரை. சமாதி இன்றும் அங்கே இருக்கிறது.

■ மேலே சொன்ன மணல் ஆறு பருவத்துக்குத் திசை மாற்றும் என்பதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. 2017 ஜனவரி 28ஆம் தேதி அதிகாலை, எண்ணூருக்கு அப்பால் ‘டான் காஞ்சிபுரம்’, ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கொட்டியது. அது வடகிழக்குப் பருவத்தின் வால் காலம், நீரோட்டம் தெற்கு நோக்கி. எண்ணெய் எண்ணூர்க் கரையில் அப்பிக்கொண்டதோடு நிற்காமல் மெரினாவையும் தாண்டித் தெற்கே போயிற்று. இயந்திரங்கள் திணறியபோது இளைஞர்கள் வாளியால் மொண்டு ஊற்றினார்கள்.

■ கொருக்குப்பேட்டைப் பக்கம் காக்ரேன் பேசின் ரோடு என்று ஒரு சாலை. ஆட்டோக்காரர் வாயில் அது வேறு வேறாக வரும். பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் 1801இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்ட ஆரம்பித்தார். 1806இல் முடிந்தது. 11 மைல். முதலில் தனியார் சொத்து, போகிற படகு காசு கட்டவேண்டும். 1837இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே ஆந்திரக் கரையோரமாக நீண்டுகொண்டே போயிற்று. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78இல், பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டவைத்தார்கள். பசித்த கைகள் வெட்டிய அந்தக் கால்வாய்க்குக் கவர்னரின் பட்டத்தைச் சூட்டினார்கள்: பக்கிங்காம் கால்வாய். வெட்டியவர்கள் பெயர் எந்த ரோட்டுக்கும் இல்லை.

■ அந்தக் காக்ரேன் லண்டனுக்குத் திரும்பி நீராவிக் குளியல் நிலையம் வைத்தார். அதில் வேலை பார்த்தவர் பாட்னாக்காரரான ஷேக் தீன் முகமது. இங்கிலாந்துக்கு ‘ஷாம்பு’வை, அதாவது நம்மூர் தலை மசாஜை, அறிமுகப்படுத்தியவர் என்று அவருக்குப் பெயர். எண்ணூர்க் கால்வாய்க்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான்.

■ கால்வாயில் வந்தது என்ன? விறகு, உப்பு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல். கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டிப் படகை இழுப்பார்கள். எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கமெல்லாம் அப்போது உப்பளம். சென்னையில் உப்பு இறங்கிய கொட்டாரம்தான் இன்றைய சால்ட் கோட்டர்ஸ். கால்வாய்ப் படகுகள் நின்ற தொட்டிதான் பேசின் பிரிட்ஜின் ‘பேசின்’. ரயில் சிக்னலுக்காக அங்கே காத்துக்கிடந்த நேரத்தில் இதை யோசித்திருக்கலாம், யாரும் யோசிப்பதில்லை. 1965, 66 புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து படுத்துவிட்டது. 2008இல் இதைத் தேசிய நீர்வழி எண் 4இல் சேர்த்தார்கள். சென்னைக்குள் கால்வாயின் மேல் ஏற்கெனவே பறக்கும் ரயிலின் தூண்கள் நின்றுகொண்டிருந்தன.

■ எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திரத்தில். ஆரணியாறு இதில் சேர்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். நம் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கால் நூற்றாண்டு மூத்தது. கோட்டை இப்போது புதர். கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது.

■ மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிகாட்? புலிகாட்டேதான். பழவேற்காட்டை வெள்ளைக்காரன் புலிகாட் ஆக்கினான், கப்பலேறிய துணி அதைப் பெலிகாட் ஆக்கியது. அடுத்த முறை கோலாலம்பூர் உறவினர் கைலி வாங்கிவந்து கொடுத்தால், “எங்க ஊர் சரக்குதான்” என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

■ பழவேற்காட்டில் ஏரியை யாரும் வேலி போட்டுப் பிரிக்கவில்லை, ஆனால் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டுவது என்பதற்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். முறை சுற்றி வரும். நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகக் கிடைக்காது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் இறால் வலைக்கும் இதுபோல் முறை வைத்திருக்கிறார்கள். பொதுச் சொத்தைக் காக்கும் முறை என்று ஆய்வாளர்கள் புகழ்ந்து எழுதுவது நியாயம்தான். பாடு எல்லோருக்கும் கிடையாது, இன்னின்ன ஊர், இன்னின்ன சாதிக்குத்தான் என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நியாயமாக இருக்கும். கையால் இறால் தடவும் இருளருக்கு அதில் இடமில்லை.

■ எல்லா முகத்துவாரமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஒன்று நிலத்துக்கடியில் திறந்துகொண்டது. சென்னைக்குக் குடிக்கவும் மணலித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கவும் ஆரணியாறு – கொசஸ்தலைப் படுகையில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு உறிஞ்சினார்கள். நன்னீர் இறங்கிய இடத்தைக் கடல் அடிவழியாக நிரப்பியது. 1969இல் உப்பு 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது, 1987இல் 9 கிலோமீட்டர். அந்த ஆண்டுதான் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. 2010இல் அதே மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். முதலில் நன்னீரை உப்பாக்கி, பிறகு உப்பை நன்னீராக்கி, இரண்டுக்கும் மின்சாரம் செலவழித்திருக்கிறோம். மின்சாரத்துக்கு நிலக்கரி, நிலக்கரிக்குச் சாம்பல், சாம்பலுக்குக் கழி.

■ புறம்போக்கு என்று ஒருவரைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். வருவாய்த்துறைக் கணக்கில் அது வசைச்சொல் அல்ல. தனியாருக்கு எழுதிக்கொடுக்காத, வரி போடாத, ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்கிய நிலமும் நீரும் புறம்போக்கு. ஏரி, குளம், மேய்ச்சல் வெளி, கழி எல்லாம் அதில் சேரும். இந்தச் சொல்லை மீட்டெடுக்க டி.எம். கிருஷ்ணா 2017இல் ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பாடினார். கபேர் வாசுகி எழுதியது. கச்சேரி மேடை எண்ணூர்க் கழி, பின்புறத் திரை அனல்மின் நிலையம்.

■ அதே 2017இல் இன்னொரு சங்கதி வெளியே வந்தது. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழி, ஒன்றும் கட்டக்கூடாத பகுதியாக இருந்தது. பின்னால் வந்த வேறொரு வரைபடத்தில் கழி இருந்த இடத்தில் கழியைக் காணோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோதுதான் இது தெரிந்தது. கிணற்றைக் காணோம் என்று வடிவேலு போலீஸில் புகார் கொடுத்தபோது நாம் சிரித்தோம்.

■ வரைபடத்தில் இல்லாவிட்டாலும் வெள்ளத்துக்கு வழி தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் கிளம்பி, பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, கொசஸ்தலைக்கு வந்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போயிற்று. வீட்டுச் சுவரில், படகில், வலையில், கூழைக்கடாக்களின் இறகில் எல்லாம் கறுப்பு. அந்த மாதக் கடைசியிலேயே, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து நள்ளிரவில் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

■ மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். எண்ணூர் தாண்டியதும், அத்திப்பட்டுப் புதுநகர் வருவதற்குள், ரயில் ஓர் அகன்ற நீரைக் கடக்கும். கடல் பக்கமாக, வலது ஜன்னலில் பாருங்கள். புகைபோக்கிகளுக்குக் கீழே இடுப்பளவு நீரில் சிலர் குனிந்து நிற்கலாம். வாயில் ஏதோ கவ்வியிருப்பதுபோல் தெரிந்தால், அது பறி.